கூலிக்கு எழுதும் ஆங்கிலம்

காப்பி எழுதுகிறவர் என்று ஒருவரைத் தமிழில் அறிமுகப்படுத்தினால் சங்கடம்தான். பரீட்சை ஹாலில் அடுத்தவனைப் பார்த்து எழுதுகிறவர் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹோட்டலில் இரண்டு காப்பி, ஒரு தோசை என்று சீட்டு எழுதுகிறவரோ என்று சிலருக்குத் தோன்றலாம். விளம்பரத்துக்கும் அறிக்கைக்கும் நன்கொடை வேண்டுகோளுக்கும் வாசகம் எழுதித் தருகிறவர் என்று விளக்கிச் சொன்ன பிறகு, "அதற்கு ஒரு ஆள் வேண்டுமா, அவர்களே எழுதிக்கொள்ளக் கூடாதா?" என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஆனால் நாவல் எழுதி ஜீவனம் நடத்த முடியாது என்று தெரிந்துகொண்ட பிறகு சில வருஷங்கள் நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பெரிய கம்பெனிகளுக்கு அல்ல. அவர்களுக்கென்று ஏஜன்ஸிகள் இருக்கின்றன. ஒரு வாசகசாலை, ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தர்ம ஸ்தாபனம் இப்படிச் சின்ன இடங்கள். அவர்களுக்கு வங்கிக்கும் வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கும் சர்க்காருக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. நான் கூலிக்கு ஆங்கிலம் எழுதினேன்.

அந்தக் காலத்தில் என் மேஜையில் அகராதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புஸ்தகம்தான் இருந்தது. ஸர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய 'தி கம்ப்ளீட் ப்ளெயின் வேர்ட்ஸ்'. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். அதுபோல இன்னொரு புஸ்தகம் இல்லை என்பது ஒன்று. அது போதாது என்பது இன்னொன்று.

கவர்ஸ் இலக்கியாசிரியர் அல்ல. 1880-ல் பிறந்தவர். தகப்பனார் வில்லியம் கவர்ஸ் நரம்பு வைத்தியத்தில் பெரும் பெயர் எடுத்தவர். சுருக்கெழுத்தில் அபாரப் பற்றுக் கொண்டவர். டாக்டர்கள் எல்லோரும் சுருக்கெழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு சங்கமே வைத்து நடத்தினார். சொற்சிக்கனம் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்துப் போலும். மகன் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, இந்தியா ஆபீஸில் சில வருஷம் இருந்து, லாயிட் ஜார்ஜுக்கு அந்தரங்கக் காரியதரிசியாகி, வருமான வரி போர்டின் தலைவராகி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டன் நகரத்தின் தற்காப்பு ஏற்பாடுகளைக் கவனித்தவர். எழுத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுவதும் கோப்புகளைப் படித்துப் படித்து அலுத்த மனிதனின் பொறுமையும் கொஞ்சம் குறும்பும் அந்தப் புஸ்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன.

அது எழுதப்பட்ட சமயத்தைக் கவனிக்க வேண்டும். யுத்தம் முடிந்திருந்தது. ரேஷன் இன்னும் தீரவில்லை. குழந்தைகளுக்கு உதவித் தொகை, தேசிய இன்ஷூரன்ஸ், 1948 ஜூலையில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய ஏற்பாடுகள் வந்தன. அதுவரை சர்க்காரிடமிருந்து கடிதமே வராத கோடிக்கணக்கான ஜனங்களுக்குத் திடீரென்று சர்க்கார் கடிதம் எழுத ஆரம்பித்தது. அந்தக் கடிதம் புரியாவிட்டால் ஒரு விதவைக்குப் பணம் வராது. ஆகவே கஜானா இலாகா தன் உத்தியோகஸ்தர்களுக்காக ஒரு சிறு பிரசுரம் எழுதித் தரும்படி கவர்ஸைக் கேட்டுக்கொண்டது. 1948-ல் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' வெளிவந்தது. குமாஸ்தாக்களுக்கு எழுதியதைப் பொது ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். 1951-ல் அகராதி முறையில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து 1954-ல் வந்ததுதான் நான் சொல்லும் புஸ்தகம். பிறகு 1973-லும் 1986-லும் வேறு அறிஞர்கள் திருத்திப் பதிப்பித்தார்கள். 2014-ல் அவருடைய கொள்ளுப்பேத்தி ரெபெக்கா கவர்ஸ் ஒரு பதிப்புக் கொண்டுவந்தார். இடைக்காலத் திருத்தங்களில் பழைய மனிதரின் குரல் சற்று அமுங்கிப்போயிருந்தது. கொள்ளுப்பேத்தியின் பதிப்பில் அது திரும்பக் கேட்கிறது. வாங்குகிறவர்கள் அதையே வாங்கலாம்.

கவர்ஸின் உபதேசம் மிகச் சுருங்கியது. வேண்டாத சொல்லை விடு. பழகிய சொல்லை எடு. திட்டமான சொல்லைத் தேடு. இந்த மூன்றுக்கும் மூன்று அத்தியாயம். இலக்கணத்துக்கு அவர் கொடுக்கும் இடம் குறைவு. இன்ஃபினிட்டிவைப் பிளக்கக் கூடாது என்ற பிரசித்தமான விதியைக் கெட்ட விதி என்றே சொல்கிறார். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் அதற்காகப் பிரம்படி வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றில் நடு அத்தியாயத்தைத்தான் எல்லோரும் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். 'கமென்ஸ்' வேண்டாம், 'பிகின்' போதும். 'பர்ச்சேஸ்' வேண்டாம், 'பை' போதும் என்கிற மாதிரி சமாசாரங்கள். இது சுலபம். ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு யாரும் செய்துவிடலாம். சொல்லைவிட வாக்கியத்தில்தான் கவர்ஸ் உண்மையில் கெட்டிக்காரர். வினைச்சொல் செய்ய வேண்டிய வேலையைப் பெயர்ச்சொல்லிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுகிறவன் ஒதுங்கிக்கொள்வதை அவர் விடாமல் துரத்துகிறார். 'விசாரித்தோம்' என்று எழுதினால் யார் விசாரித்தார்கள் என்று தெரியும். 'விசாரணை மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதினால் விசாரணை தானே எழுந்து தானே நடந்து தானே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இந்த உதாரணம் என்னுடையது. தமிழில்கூட எடுபடும் என்று காட்டுவதற்காகச் சொன்னேன். நம்முடைய 'ஆவன செய்யவும்' என்பதும் அப்படித்தான். ஆவது எது, செய்கிறவன் யார், என்றைக்குள் என்று ஒன்றும் சொல்லாமல், ஏதோ சொல்லிவிட்ட திருப்தியை மட்டும் தருகிற வாக்கியம். ஆங்கிலத்தில் 'டூ தி நீட்ஃபுல்' என்று நாம் எழுதுவதைப் பார்த்து இன்றைய இங்கிலீஷ்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் பாட்டன்மார் எழுதியதுதான் அது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 'பிரீபோன்' என்று நாமாகச் செய்துகொண்ட சொல்லை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரே சொல், யாருக்கும் சந்தேகம் வராது. கவர்ஸ் இருந்திருந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இந்த இடத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லை ஞாபகப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது. கவர்ஸுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1946 ஏப்ரலில், 'ஹொரைஸன்' பத்திரிகையில் அரசியலையும் ஆங்கில பாஷையையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தம். அதில் ஆறு விதிகள் தருகிறார். அவற்றில் பாதிக்கு மேல் கவர்ஸும் சொல்வதுதான். ஆனால் இருவருடைய மனோபாவமும் வேறு. மங்கலான பாஷை மறைப்பதற்காகவே உண்டானது, அதன் பின்னால் ஓர் அக்கிரமம் இருக்கிறது என்பது ஆர்வெல்லின் கட்சி. பழக்கம், அவசரம், மேலதிகாரியிடம் பயம் இவைதான் காரணம் என்பது கவர்ஸின் கட்சி. ஆர்வெல்லைப் படிக்கிறபோது அட, எதிராளி இப்படிப்பட்டவனா என்று தோன்றுகிறது. கவர்ஸைப் படிக்கிறபோது நேற்று நான் எழுதிய கடிதம் ஞாபகம் வருகிறது. இலக்கியம் என்கிற அளவில் ஆர்வெல்லின் கட்டுரை ஒரு படி மேல்தான். ஆனால் ஒரு வாசகசாலைக் காரியதரிசியின் கையில் கொடுப்பதற்குக் கவர்ஸைத்தான் எடுப்பேன். அந்தக் காரியதரிசி அக்கிரமம் எதையும் மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார். கோட்டு அவருடைய அளவுக்குத் தைத்ததல்ல, அவ்வளவுதான்.

இனி குறைகள்.

கவர்ஸ் எழுதியது சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு. அவனுடைய கடிதத்தை ஜனங்கள் படித்தே ஆக வேண்டும். வரி நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. புரியும்படி எழுதினால் அவன் கடமை தீர்ந்தது. ஒரு சின்ன ஸ்தாபனத்தின் நன்கொடை வேண்டுகோளை யார் படித்தாக வேண்டும்? ஒருவரும் இல்லை. கூரை ஒழுகுகிறது என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும், படிக்கிறவன் இரண்டாவது வரியில் காகிதத்தைக் கீழே வைத்துவிடலாம். அவனை நிறுத்திப் பிடித்து உட்காரவைக்கிற வித்தை கவர்ஸிடம் இல்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த வித்தைக்காரர்கள் விளம்பர ஆபீஸ்களில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி டோரதி ஸேயர்ஸ். துப்பறியும் நாவல் எழுதியவள் என்று நம்முடைய இலக்கியப் பெரியவர்கள் அவளை ஒதுக்கிவிடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அவள் 1922-ல் லண்டனில் எஸ். எச். பென்ஸன் என்ற விளம்பர ஏஜன்ஸியில் வாசகம் எழுதுகிறவளாகச் சேர்ந்து பல வருஷம் வேலை பார்த்தாள். 1926-ல் கோல்மன் கடுகுப் பொடிக்காக நடந்த 'மஸ்டர்ட் கிளப்' விளம்பரத்தில் அவளுடைய கைவரிசை உண்டு. இல்லாத ஒரு கிளப்பை இருப்பதாகப் பாவித்து, அதற்கு அங்கத்தினர்கள் எல்லாம் கற்பித்து, ஊரையே அதைப் பற்றிப் பேசவைத்தார்கள். 1933-ல் அந்த ஆபீஸ் அனுபவத்தை வைத்து 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்' என்ற நாவலை எழுதினாள். விளம்பரம் எழுதும் தொழிலைப் பற்றி அதைவிடச் சிறந்த விமரிசனம் எதையும் நான் படித்ததில்லை. விமரிசகர்கள் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கதையில் ஒரு விளம்பர ஆபீஸ். அங்கே வாசகம் எழுதும் ஒருவன் இரும்புச் சுழற்படியில் விழுந்து செத்துப்போகிறான். அவன் இடத்துக்குப் பெயரை மாற்றிக்கொண்டு துப்பறிகிறவன் வருகிறான். நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு டானிக். வாரா வாரம் அதற்குப் பத்திரிகையில் விளம்பரம். அந்த விளம்பரத் தலைப்பின் முதல் எழுத்தைக் கொண்டு அந்த வாரம் எந்த மதுக்கடையில் கொக்கேன் கைமாறும் என்று ஒரு கூட்டம் தெரிந்துகொள்கிறது. தலைப்பை எழுதுகிறவனுக்கு இது தெரியாது. டானிக் கம்பெனிக்குத் தெரியாது. படித்துவிட்டு டானிக் வாங்குகிறவனுக்கும் தெரியாது. துப்பறியும் கதையின் சாதாரண ஜோடனை என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. கூலிக்கு எழுதுகிறவன் எழுதும் வாக்கியத்துக்கு அவன் அறியாத ஓர் உபயோகம் இருக்கும் என்பதை இவ்வளவு கச்சிதமாகக் கதையாக்க ஸேயர்ஸுக்குத்தான் தெரிந்தது. விளம்பரம் பாபம் என்று அவள் எங்கும் தீர்ப்பு எழுதவில்லை. அந்த ஆபீஸின் சிரிப்பும் அரட்டையும் அவளுக்குப் பிடித்திருக்கின்றன. பிடித்த ஒன்றைப் பற்றிச் சந்தேகப்படுகிறவள் எழுதிய புஸ்தகம் அது. போதைக் கூட்டத்தின் விருந்துகளும் முகமூடி வேஷமும் வருகிற பகுதிகள் சுமார்தான். அவற்றைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

கவர்ஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினார். இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள்: கிறிஸ்ஸி மாஹர். லிவர்பூலில் ஏழைக் குடும்பத்துப் பெண். பதின்ம வயதின் நடுப்பகுதி வரை படிக்கவே தெரியாது. 1970-களில் தன் பேட்டை ஜனங்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினாள். ஸால்ஃபோர்டில் ஒரு கடை மாதிரி இடம் ஏற்படுத்தி, சர்க்கார் பாரங்களைப் பூர்த்திசெய்யத் தெரியாதவர்களுக்குப் பூர்த்திசெய்து கொடுக்க ஏற்பாடு செய்தாள். நம்முடைய தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது. ஆனால் நம்முடைய மனு எழுதுகிறவர் பாரத்தின் பாஷை கடினமாக இருக்கிறவரை தமக்கு வருமானம் என்று இருந்துவிடுகிறார். அவள் அப்படி இருக்கவில்லை. 1979-ல் லண்டனில் பார்லிமெண்ட் சதுக்கத்தில் நின்றுகொண்டு சர்க்கார் பாரங்களை ஜனங்கள் முன்னிலையில் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டு, 'ப்ளெயின் இங்லிஷ் காம்பெய்ன்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தாள். மிக மோசமாக எழுதப்பட்ட வாசகத்துக்கு வருஷா வருஷம் ஒரு பரிசு அறிவித்து ஸ்தாபனங்களின் மானத்தை வாங்கினார்கள். நல்ல வாசகத்துக்கு 1990 முதல் ஒரு முத்திரை. முத்திரைக்குக் கட்டணம் உண்டு. அதைப் பற்றி முணுமுணுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2010-ல் சர்க்கார் இலாகாக்கள் ஜனங்களுக்குப் புரிகிறபடி எழுத வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். மீறினால் என்ன தண்டனை என்று தேடாதீர்கள். கோர்ட்டுக்குப் போக முடியாதபடி அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தெளிவை அளப்பதற்கும் ஒருவர் வழி கண்டுபிடித்தார். ருடால்ஃப் ஃப்ளெஷ் வியன்னாவில் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல. அமெரிக்காவுக்கு அகதியாக வந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, 1948-ல், அதாவது கவர்ஸின் பிரசுரம் வந்த அதே வருஷத்தில், ஒரு கணக்கை வெளியிட்டார். வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொல், சொல்லுக்குச் சராசரி எத்தனை அசை என்று எண்ணி, முன்னதை 1.015-ஆலும் பின்னதை 84.6-ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835-லிருந்து கழித்தால் வருகிற எண் பெரிதாக இருந்தால் சுலபமான வாசகம். சின்னதாக இருந்தால் கடினம். இன்று கம்ப்யூட்டரே ஒரு க்ஷணத்தில் இதைப் போட்டுத் தந்துவிடுகிறது. வேடிக்கையான கருவி, பிரயோஜனமும் உண்டு. நாற்பது சொல்லில் மூச்சுவிடாமல் எழுதுகிற காரியதரிசிக்கு அந்த எண்ணைக் காட்டினால் அடுத்த முறை முற்றுப்புள்ளி வைப்பார். ஆனால் அது அளப்பது நீளத்தை மட்டுமே. எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. ஓரசைச் சொற்களாலேயே ஒரு பொய் சொன்னால் நல்ல மார்க்குக் கிடைக்கும்.

கவர்ஸின் இன்னொரு குறையும் இதன் பக்கத்தில்தான் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும், சொல்கிற விதம்தான் கோணல் என்று வைத்துக்கொண்டே அவர் ஆரம்பிக்கிறார். சொல்லலாமா கூடாதா என்று முடிவுசெய்யாத மனிதனிடம் அவருடைய மூன்று அத்தியாயங்களும் செல்லாது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அந்தக் கஷ்டம் வந்தது. 1949-ல் மரண தண்டனையைப் பற்றி விசாரிக்க நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனுக்கு அவர்தான் தலைவர். யாரைத் தூக்கிலிடலாம், எப்படிக் குறைக்கலாம் என்றெல்லாம் ஆராயலாம். தூக்குத் தண்டனையையே எடுத்துவிடலாமா என்ற கேள்வியை மட்டும் கமிஷன் தொடக்கூடாது என்று அதிகார எல்லையிலேயே வரம்பு கட்டியிருந்தார்கள். நாலு வருஷம் விசாரித்து 1953-ல் அறிக்கை வந்தது. வரம்புக்குள் நின்று எழுதிய அறிக்கை. அதற்குப் பிறகு 1956-ல் கவர்ஸ் தம் சொந்தப் பெயரில் 'எ லைஃப் ஃபார் எ லைஃப்?' என்று ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். கமிஷனுக்குள் போனபோது எனக்குத் திட்டமான கருத்து எதுவும் இருக்கவில்லை, வெளியே வந்தபோது தண்டனையை ஒழிக்கச் சொல்கிறவர்கள் கட்சிதான் சரி என்று ஆகிவிட்டது என்ற அர்த்தத்தில் அதில் சொல்கிறார். கேட்கக் கூடாத கேள்விக்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். 1965-ல் இங்கிலாந்தில் கொலைக்கு மரண தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1966-ல் கவர்ஸ் காலமானார். வாசகம் எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' படித்த கையோடு அந்தச் சிறு புஸ்தகத்தையும் படிக்க வேண்டும். முதல் புஸ்தகத்தில் சொல்லாமல் விட்டது அதில் இருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதிய பெண்மணிகளுக்கான ஒரு விடுதி. ஊரும் பெயரும் வேண்டாம். அதன் கௌரவக் காரியதரிசி ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர், யோக்கியர், தம் பென்ஷனிலிருந்து மளிகைக் கடை பாக்கியைத் தீர்க்கிறவர். வெளிநாட்டில் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், சரிபார்த்துத் தாருங்கள் என்று ஒரு நகலைக் கொண்டுவந்தார். விடுதிவாசிகளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் சகலவிதமான பராமரிப்பும் அளிக்கப்பட்டு வருவதாக அதில் ஒரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. கவர்ஸ் சிஷ்யனான நான் பென்சிலை எடுத்தேன்.

"ராத்திரியிலே யார் ஸார் இருக்காங்க?"

"நர்ஸ் இருந்தா. கல்யாணமாகிப் போயிட்டா. ஏழு மாசம் ஆச்சு."

"இப்போ?"

"சமையல்காரம்மா ஹால்லயே படுத்துக்கறா. பாவம், கூப்பிட்டா எழுந்து வருவா."

அன்று மாலை எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதமாக எங்களிடம் இரவு நர்ஸ் இல்லை, சமையல்காரி ஹாலில் படுத்துக்கொள்கிறாள், ஒரு நர்ஸுக்கு வருஷத்துக்கு இவ்வளவு சம்பளம், அதைத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் நாலே வாக்கியம். நான் எழுதிய ஆங்கிலத்திலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். காரியதரிசி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"ரொம்பப் பச்சையா இருக்கே ஸார்."

"உண்மைதானே?"

"உண்மைதான். அதுக்காக? கமிட்டியிலே ஒத்துக்கமாட்டாங்க. இதைப் படிச்சா, பாட்டிகளைச் சேர்த்திருக்கிற பிள்ளைகள் நாளைக்கே வந்து நிப்பாங்க. நம்ம மானம் போறது கிடக்கட்டும், அவங்களை எங்கே கொண்டு போவாங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பழைய நாலு வரியையும் போடவில்லை. அது என் தொழிலுக்கு இழுக்கு. ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: இரவும் பகலும் யாராவது ஒருவர் அருகில் இருக்கிறார். ஆங்கிலத்தில் ஏழே சொல். வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குழந்தைக்கும் பழகிய சொல். பொய் என்று ஒருவரும் சாதிக்க முடியாது. சமையல்காரி அருகில்தான் இருந்தாள். கவர்ஸின் மூன்று அத்தியாயங்களிலும் அந்த வாக்கியம் தேறும். ஃப்ளெஷ் கணக்கில் முதல் வகுப்பில் தேறும். காரியதரிசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் ஸார் இங்கிலீஷ்" என்று ஒரு கவரைக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அந்த மாதம் வீட்டு வாடகை அதில்தான் கொடுத்தது.

பணம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷ அறிக்கைக்கு அவர் என்னிடம் வரவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். தபாலில் ஒரு பிரதி எனக்கும் வந்தது. பழையபடி கரடுமுரடான ஆங்கிலம், கோட்டும் தொப்பியும் போட்ட வாக்கியங்கள். நாலாவது பக்கத்தில், நீண்ட நாட்களாகக் காலியாக இருந்து வந்த இரவு நர்ஸ் பதவிக்கான நியமனம் முறைப்படி செய்து முடிக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருந்தது.